ராசம்மா காவலுக்குப் போனாள்

"நீங்க சொன்னா சரிதாங்க மிஸ்" என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால், அந்த வாரமே அந்த வீட்டுக்கு நான் இன்னொரு தடவை போவேன். "நீங்க சொல்லுறத நாங்க நம்ப மாட்டோம்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. அவர்களோடு சண்டை பிடிக்கலாம், கெஞ்சலாம், அவர்கள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அவர்களைத் திட்டலாம். தலையாட்டுகிறவர்களை என்ன செய்வது?

மிட்வைஃப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள். பிரஷர் பார்ப்பதும் வயிறு பிடித்துப் பார்ப்பதும் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். அதில் என்னைவிடக் கெட்டிக்காரிகளாகவும் இருப்பீர்கள். ஆனால் மனிதர்கள் எதை நம்புகிறார்கள், எதை நம்புவதாகச் சொல்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர மாட்டார்கள். சபரகமுவத் தோட்டங்களில் வேலை பார்த்த எனக்கு அதுதான் பாதி வேலையாக இருந்தது.

இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒருத்தி இருந்தாள். இரத்தம் குறைவு. மாத்திரை கொடுத்தேன். மாதா மாதம் போத்தல் காலியாகத் திரும்பி வரும். "தவறாமப் போடுறேங்க" என்பாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய் நின்றபோது, அவள் மாத்திரையை நசுக்கி வாசலில் இருந்த மிளகாய்ச் செடிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டால் பிள்ளை பெருத்துப் போய்ப் பிரசவம் கஷ்டமாகிவிடுமாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பேசித் தீர்த்திருப்பேன். மிஸ் மனம் நோகக்கூடாது என்று தலையாட்டியிருக்கிறாள். மிளகாய்ச் செடி என்னவோ நன்றாகத்தான் காய்த்திருந்தது.

அன்றிலிருந்து நான் சந்தேகக்காரி ஆனேன். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே ஆகிவிட்டேன் என்பார். அது வேறு விஷயம்.

இனி ராசம்மாவின் கதைக்கு வருகிறேன். அது அவள் பேர் இல்லை. மற்றவர்களின் பேர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஆனால் இதைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னது அவள்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என்னைக் கேகாலைப் பக்கம், கரவனெல்லைக்கு மேலே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மாற்றினார்கள். போன கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். அங்கே பெண்கள் பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதே இல்லை. கிளினிக்குக்கு வருவார்கள், ஊசி போட்டுக்கொள்வார்கள், ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். வலி கண்டதும் லயத்து வரிசையில் தங்கள் ஒற்றை அறைக் காம்பராக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிள்ளை பிறந்த பிறகுதான் எனக்கு ஆள் வரும். "திடீர்னு பொறந்துருச்சிங்க மிஸ்" என்பார்கள். ஒரு தோட்டத்தில் எல்லாப் பிள்ளையும் திடீரென்று பிறக்குமா?

துருவித் துருவிக் கேட்டதில் காரணம் வெளியே வந்தது. ரப்பர்ப் பால் வெட்டுகிற ராசம்மா என்பவள் நாலாவது பிள்ளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். அங்கே அவளுக்குப் பிள்ளை பிறக்காத ஆபரேஷனைச் செய்து அனுப்பிவிட்டார்களாம். அவளுக்கே தெரியாதாம். சில வருஷம் கழித்து, ஏன் இன்னும் அடுத்த கரு தங்கவில்லை என்று எங்கோ காட்டியபோதுதான் தெரிந்ததாம்.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயாவிடம் கேட்டேன். கங்காணியிடம் கேட்டேன். கணக்கப்பிள்ளையின் மனைவியிடம் கேட்டேன். மூன்று பேரும் ஒரே மாதிரி, "கேக்காம கொள்ளாம வெட்டி விட்டுட்டாங்க" என்றார்கள். பல பேர் ஒரு கதையை ஒரே வார்த்தையில் சொன்னால், அதற்குப் பின்னால் ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகளை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவள் இல்லை. கேட்காமல் செய்கிற இடமும் உலகத்தில் இல்லாமல் இல்லை. பாஷை தெரியாத வார்டில், வலியோடு படுத்திருக்கிற ஒருத்திக்குப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் ராசம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கீழ்க் கிராமத்துக் கடையில் சிங்களத்திலேயே சண்டை பிடித்து, கடைக்கார முதலாளியைச் சிரிக்க வைத்துச் சாமான் வாங்கி வருகிறவள். அப்படிப்பட்டவளுக்கு ஒன்றும் தெரியாமல் ஒரு ஆபரேஷன் நடக்குமா? இது என் மனதில் முள்ளாகக் கிடந்தது. ஆனாலும் அது அவள் உடம்பு, அவள் கதை என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் செல்வமணி மாசமாக இருந்தாள். மூன்றாவது பிள்ளை. மற்ற இரண்டையும் காம்பராவிலேயே பெற்றவள். புருஷன் முருகேசு பால் வெட்டுக்காரன், வாயில்லாப் பூச்சி. வீட்டில் பேச்செல்லாம் அவனுடைய அம்மா பாக்கியத்துடையதுதான். மாதம் நிறைந்து வருகையில் செல்வமணியின் காலும் முகமும் வீங்கின. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "போறோங்க" என்றார்கள். அடுத்த முறையும் சொன்னேன். அப்போதும் "போறோங்க" என்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலையில் லயத்துக்கே ஏறிப் போனேன். செல்வமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்தாள்.

"தல வெடிக்கிற மாதிரி இருக்குங்க மிஸ்" என்றாள். "கண்ணுல பூச்சி பூச்சியாப் பறக்குது."

பிரஷர் பார்த்தேன். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இது எதற்கு அறிகுறி என்று உங்களுக்குத் தெரியும். வலிப்பு வந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். இன்றைக்கே, இப்போதே கீழே இறக்க வேண்டும் என்றேன்.

"நாளக்கிக் காலையில போறோங்க" என்றாள் பாக்கியம்.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போக இவ இருக்க மாட்டா" என்றேன்.

பாக்கியம் முதல் தடவையாகத் தலையாட்டாமல் என்னை நேராகப் பார்த்தாள். "மிஸ், கோழி வாங்க வாறவன் கூட குடுக்கிறியான்னு கேட்டுட்டுத்தான் காலப் பிடிக்கிறான். அங்க நம்மள யாரு கேக்கிறா? ராசம்மாவுக்குக் கேட்டாங்களா? எனக்கு இருக்கிறது ஒரே மகன். அவனுக்கு இருக்கிறது ரெண்டும் பொட்டப்புள்ள. இவளயும் அறுத்து அனுப்பிட்டா நான் யாருகிட்டப் போய் அழுறது?"

முருகேசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். செல்வமணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் போக விரும்புகிறாளா இல்லையா என்று அந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்கவில்லை. அவசரத்தில் நானும் கேட்கவில்லை.

சத்தம் கேட்டுக் கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். "இதுக்கு எதுக்கு மிஸ் பேச்சு? தொரகிட்டச் சொல்லி வேலையிலருந்து பேர வெட்டுறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. தூக்கிட்டு ஓடுவாங்க" என்றார்.

ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர்கள் பயப்படுவதே பலாத்காரத்துக்குத்தான். நான் பலாத்காரமாக இழுத்துக்கொண்டு போனால், அவர்கள் நம்பியதை நானே நிரூபித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அடுத்தவள் எனக்கு ஆள் அனுப்பவே மாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு செத்துப் போவாள். வேண்டாம் என்றேன். கணக்கப்பிள்ளைக்கு என்மேல் கோபம்.

அப்போது பாக்கியம், பேச்சு முடிந்தது என்று காட்டுகிறவள்போல, பெட்டியைத் திறந்து தொட்டில் சேலையை எடுத்து உதறினாள். நைந்து மெத்தென்று ஆகிவிட்ட பச்சைச் சேலை. நல்ல சேலையாக இருக்கிறதே என்று, வேறு பேச்சு கிடைக்காமல்தான் சொன்னேன்.

"ராசம்மா குடுத்தது மிஸ். எங்க மூத்த பேத்தி பொறந்தப்பவே குடுத்துட்டா. அப்ப அவளோட கடைசிப் புள்ள தவழ்ந்துக்கிட்டிருந்துச்சி" என்றாள்.

தோட்டத்தில் தொட்டில் சேலையை யாரும் வெளியே கொடுக்க மாட்டார்கள். இன்னும் பெற நினைக்கிறவள் அதை மடித்துப் பெட்டியில் போட்டுவிடுவாள். கொடுத்தால் வயிறும் கூடவே போய்விடும் என்று பயம். கடைசிப் பிள்ளை என்று தெரிந்தவள்தான் கொடுப்பாள். ராசம்மாவோ, தனக்கு நடந்தது சில வருஷம் கழித்துத்தான் தெரியும் என்று ஊரையெல்லாம் நம்ப வைத்திருக்கிறாள். பிள்ளை தவழுகிறபோதே சேலையைக் கொடுத்தவளுக்கு அப்போதே எப்படித் தெரியும்?

நான் அங்கே நிற்கவில்லை. பால் ஸ்டோருக்கு இறங்கி ஓடினேன்.

வெட்டு முடிந்து, பால் நிறுக்கிற நேரம். வாளிகளோடு வரிசையில் நின்ற ராசம்மாவை ஸ்டோருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பதை நெருங்கும் வயது, கெட்டியான உடம்பு. பால் காய்ந்து முழங்கை வரை ஒட்டிக்கிடந்தது.

"செல்வமணிக்கு இன்னிக்குத் தாங்காது, ராசம்மா. ஒன்னய சாட்சியா வச்சிக்கிட்டு அவளப் போக விடாம வச்சிருக்காங்க" என்றேன். "ஒன்னு மட்டும் கேக்கிறேன். தொட்டில் சேலைய எப்ப குடுத்த?"

அவள் கையில் ஒட்டிய பாலை உரிக்கத் தொடங்கினாள். உரித்துக்கொண்டே இருந்தாள்.

"யாருகிட்டயாச்சும் சொல்லப் போறீங்களா?"

"இல்ல."

"அப்ப கேக்காதீங்க மிஸ்." பிறகு அவளே சொன்னாள். "நாலாவதுக்கு ரத்தம் நிக்கவே இல்ல. இன்னொன்னு பெத்தா நீ இருக்க மாட்டேன்னு டொக்டர் நோனா சொன்னாங்க. பண்ணிரவான்னு கேட்டாங்க. நாந்தான் பண்ணுங்கன்னேன். வீட்டுல எப்பிடிச் சொல்லுவேன்? கோடாங்கி எங்க வீட்டுக்காரருக்கு வாக்குச் சொல்லியிருந்தாரு, அஞ்சாவது ஆம்பளப்புள்ள, கொலசாமி பேரு வைக்கணும்னு. சாமி குடுக்கிறேன்னத நான் வேணாம்னு சொன்னா என்னய வச்சிருப்பாரா? ஆஸ்பத்திரிக்காரன் பண்ணிட்டான்னா சாமிக்கும் கோவம் வராது, அவருக்கும் என்மேல கோவம் வராது."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. நாலு பிள்ளைகளுக்குத் தாயாக உயிரோடு இருப்பதற்கு அவள் சொன்ன பொய் அது. அந்தப் பொய்யினால் இப்போது மேல் லயத்தில் இன்னொருத்தி சாகப் போகிறாள். அவள் ரகசியத்தை நான் உடைத்தால் ஒரு குடும்பம் போகும். உடைக்காவிட்டால் ஒரு உயிர், இல்லை, இரண்டு உயிர் போகும். உங்களில் யாராவது, "உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே" என்று சட்டென்று சொல்வீர்களானால், தயவுசெய்து இந்த வேலைக்கு வராதீர்கள்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. நான் போய் உண்மையைச் சொன்னாலும் பாக்கியம் நம்பப் போவதில்லை. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். அரசாங்கத்துச் சம்பளம் வாங்குகிறவள். ஆஸ்பத்திரிக்காரியை ஆஸ்பத்திரிக்காரி காப்பாற்றுகிறாள் என்றுதான் நினைப்பாள்.

வழியைக் கண்டுபிடித்தது ராசம்மாதான்.

"அவுங்க எதுக்குப் பயப்புடுறாங்க மிஸ்? கேக்காமப் பண்ணிருவாங்கன்னுதானே? நான் கூடப் போயி நின்னா விடுவாங்க" என்றாள். "பட்டவ நான்தானே. என்னயவிட யாரு காவலுக்கு இருக்கா?"

பொய்யை வைத்தே பொய்யைக் கடக்கச் சொல்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த நம்பிக்கை இதனால் இன்னும் இறுகிப் போகும் என்று தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் பாக்கியத்தின் நம்பிக்கையைத் திருத்துவது என் வேலை இல்லை. செல்வமணியை மலையிலிருந்து இறக்குவதுதான் என் வேலை.

ராசம்மா கை கழுவாமலே மேலே ஏறினாள். பாக்கியத்திடம், "நான் கதவுலயே நிக்கிறேன் அத்தே. எவனாச்சும் கத்தியோட வந்தா என்னயத் தாண்டித்தான் போகணும்" என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு. நடித்தாளா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பாக்கியம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ போறதுன்னா போகட்டும்" என்றாள். நான் மாதக்கணக்கில் பேசி நடக்காதது அவ்வளவு சீக்கிரத்தில் நடந்துவிட்டது.

பால் ஏற்றுகிற லொறியில் போனோம். கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். வழியில் பொலிஸ் மறித்தது. அடையாள அட்டைகளில் தமிழ்ப் பெயர்கள், செல்வமணிக்குப் பெரிய வயிறு. அந்தக் கான்ஸ்டபிள் செல்வமணியின் வயிற்றைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. பிள்ளைத்தாய்ச்சி வேஷத்தில் குண்டு கொண்டு போவார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அவனுக்கும் ஒரு கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவனும் நம்பியிருக்கிறான். ராசம்மா சிங்களத்தில் மன்றாடினாள். ஒரு பெண் கான்ஸ்டபிள் ஏறி வந்து, பயந்து பயந்து வயிற்றில் கை வைத்தாள். பிள்ளை உள்ளே உதைத்திருக்க வேண்டும். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் மாறியது. "யன்ன, யன்ன" என்று, போகச் சொல்லி டிரைவரை விரட்டினாள்.

நம்பிக்கையை மாற்றுவதற்கு எல்லோருக்கும் இப்படி ஒரு உதை கிடைத்தால் நம்முடைய வேலை எவ்வளவோ சுலபமாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் உடனே பார்த்தார்கள். அன்று மாலையே பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. செல்வமணி பிழைத்தாள். அவள் கண் விழிக்கும்வரை ராசம்மா வார்டு வாசலை விட்டு நகரவில்லை. தாதிமார் திட்டினார்கள், விரட்டினார்கள். அவள் நகர்ந்து நகர்ந்து மறுபடியும் அங்கேயே வந்து நின்றாள். காவலுக்கு ஒன்றுமே இல்லாத வாசலில் எதற்காக அப்படி நின்றாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் விட்டு நான் பார்க்கப் போனபோது ராசம்மாவும் கட்டிலருகே இருந்தாள். செல்வமணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"மிஸ், எனக்கும் அந்த ஆபரேஷனப் பண்ணிவிடச் சொல்லுங்களேன். என்னால இனி முடியாதுங்க. வீட்டுல, கேக்காமப் பண்ணிட்டாங்கன்னு சொல்லிக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு யாரு சொன்னா?" என்று ராசம்மா கேட்டாள்.

"யாரும் சொல்லலக்கா. சேலையக் குடுத்தப்பவே நினைச்சேன். லயத்துல பொம்பளைங்க கொஞ்சப் பேரு நினைச்சிருக்காங்க. யாரும் வாயத் தொறக்கல."

அப்படியானால் அந்தக் கதையை உண்மையாக நம்பியவர்கள் யார்? சிலர் நம்பினார்கள். சிலர் நம்பாமலேயே காப்பாற்றி வைத்திருந்தார்கள், என்றாவது தனக்கும் உதவும் என்று. நான் அத்தனை பேரிடம் விசாரித்தபோதும் எல்லோரும் எனக்கு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ராசம்மா பேசினாள். "வேணாம் செல்வமணி. அந்தப் பொய் ஒருத்தியத்தான் தாங்கும். ஒனக்கும் பண்ணிட்டாங்கன்னு நீ போய்ச் சொன்னா, இனி ஒருத்தியும் இங்க வர மாட்டா. அன்னிக்கு நீ கெடந்த கெடப்ப நான் பார்த்தேன். நாந்தான் ஒன்னய அங்க படுக்க வச்சேன்னு தெரியாமயா கதவுல நின்னேன்? ஒனக்கு வேணும்னா ஒம் புருசங்கிட்ட நேரடியாச் சொல்லு. மிஸ்ஸு பேசுவாங்க. நானும் பேசுறேன். ஆனா அதுக்கு முன்னாடி நான் எங்க வீட்டுல ஒன்னு சொல்லணும்."

நான் அவளைத் தடுத்தேன். செல்வமணி பிழைத்துவிட்டாள், இப்போதைக்கு எதற்கு என்றேன். அவள் கேட்கவில்லை.

செல்வமணி ஊருக்குத் திரும்பியபோது லயத்தில் யாரும், "நாம் நினைத்தது தப்பு" என்று சொல்லவில்லை. "ராசம்மா நின்னா, அதனாலதான் தொட முடியல" என்றார்கள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் ராசம்மா கூட வந்தால் ஆஸ்பத்திரிக்கு வரத் தயாராக இருந்தாள். ராசம்மாவுக்கு வேலை போகாமல் இருக்க நானே தோட்டத்துத் துரையிடம் போய்ப் பேச வேண்டியிருந்தது. முருகேசு ஒருநாள் செல்வமணியோடு கிளினிக்குக்கு வந்தான். மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். என்ன முடிவெடுத்தார்கள் என்பது உங்களுக்கு வேண்டாம். அவளைக் கேட்டு எடுத்தார்கள், அது போதும்.

ராசம்மா மட்டும் சில வாரம் என் கண்ணில் படாமல் திரிந்தாள். புருஷன் அடித்து விரட்டிவிட்டானோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஒருநாள் கிளினிக் முடிகிற நேரத்தில் வந்தாள். உட்காரச் சொன்னேன்.

"சொல்லிட்டேங்க மிஸ். எல்லாத்தயும்."

"என்ன சொன்னாரு?"

"'தெரியும்'னாரு." அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "எப்ப இருந்துன்னு கேட்டேன். 'நீ வீட்டுக்கு வந்த அன்னிக்கே'ன்னாரு. அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் ஆஸ்பத்திரியத் திட்டினீங்கன்னு கேட்டேன். 'ஒன்னயத் திட்ட மனசு வரல. சாமியயும் திட்ட முடியல. யாரயாச்சும் திட்டணும்ல'ன்னாரு."

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தக் கணமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே அவனுக்குத் தெரியுமா? இத்தனை வருஷம் ஏமாந்திருக்கிறோம் என்று கேள்விப்பட்ட ஒரு ஆம்பளை, முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்த இடத்தில் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை "தெரியும்" என்பதுதான். எதை வைத்துக் கண்டுபிடித்தாராம் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், சாயம் வெளுத்துவிடும். அந்த மாதிரிக் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். வாய் வரைக்கும் வந்தது.

ராசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை காலம் அவர் மட்டும் தனியாக இதைச் சுமந்திருக்கிறார் மிஸ் என்று, புருஷனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீடு அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அதை ஆட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்கவில்லை.